கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பாடம்

தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் மாணவ நண்பரிடம், "ஊரில் என்ன கண்டீர்?" என்று கேட்டுப் பாருங்கள். கோயிலைக் கூறுவார், குளத்தைக் கூறுவார். ஒரு பூச்சியின் பெயரைக் கூறமாட்டார். அங்கே பூச்சிகள் இல்லை என்பதன்று. தேடும் முறையை நாம் அறியோம். பறப்பதைத் துரத்துகிறோம். செடியை அறிந்து அதனருகில் நிற்பதே முறை.

இதைப் பழக ஊருக்குச் செல்ல வேண்டுவதில்லை. மாதுங்காவில் தமிழர் வீட்டுப் பால்கனிகளில் கறிவேப்பிலைத் தொட்டிகள் உண்டன்றோ? இளந்தளிரைப் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் போல் ஒட்டிக் கிடப்பது எச்சமன்று. கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. நான்கு முறை தோலுரித்தபின் அதுவே இலைப்பச்சை நிறம் பெறும். மெல்லத் தொட்டால், தலையின் பின்னிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, நாற்றத்தால் நம்மை விரட்டும். நம் அன்னையர் இப்புழுவைக் கிள்ளி எறிவர். இரண்டு கொத்தை அதற்கு விட்டுக்கொடுத்தால் சாம்பார் கெட்டுவிடாது!

வளர்ந்த பூச்சியில்தான் வியப்பு மிகுதி. ஆண், கருஞ்சிறகில் வெண்புள்ளி வரிசை உடையது. பெண்களிற் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில சிவப்புடல் அழகியையோ ரோஜா அழகியையோ போல் வேடம் பூணும். ஆடுதீண்டாப்பாளை இனக்கொடிகளைத் தின்று வளர்வதால் அவ்விரண்டும் நஞ்சுடையவை, பறவைகள் தீண்டா. நஞ்சில்லாத இவள் அவ்வேடத்தால் பிழைக்கிறாள். இதனை ஆல்பிரடு ரசல் வாலசு 1865இல் விளக்கினார். வேடத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்னும் ஒரே மரபணு என்பதை, பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட அறிஞர்கள் 2014இல் காட்டினர். நமக்கோ பிரித்தறிய எளிய வழி உண்டு: உடலைப் பாருங்கள். மெய்யான நஞ்சுடையாளின் உடல் சிவப்பு. வேடக்காரியின் உடல் கறுப்பு. சிறகை மாற்றியவள் உடலை மாற்ற மறந்தாள் போலும்.

தொட்டியில் கற்றதைத் தாராவியில் சோதிக்கலாம். மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர் பரப்பில் உள்ள மகாராட்டிர இயற்கைப் பூங்கா, ஒருகாலத்தில் நகரின் குப்பைமேடு. மரம் வைத்து வளர்த்து 1994இல் திறந்தார்கள். பூச்சிகளை எவரும் கூடையில் கொண்டுவந்து விடவில்லை. செடிகள் வந்தன, அவை பின்தொடர்ந்தன. காலை வெயில் ஏறும் வேளையில் சென்று, ஒரே புதரருகில் கால்மணி நேரம் அசையாது நில்லுங்கள். பத்துப் புதர்களைச் சுற்றி வந்தவரைவிட மிகுதியாகக் காண்பீர்கள். நிழல் பூச்சியின்மேல் விழலாகாது.

அடுத்த விடுமுறையில் ஊர் நிலையத்தில் இறங்கியதும் எருக்கஞ்செடியைத் தேடுங்கள்; வேலியோரத்தில் அகப்படும். இலையின் அடியில் கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைத் தசையிழைகளும் கொண்ட புழு இருந்தால், அது வெந்தய வரியனின் பிள்ளை. எருக்கின் பாலை உண்டே தன் உடலில் நஞ்சு சேர்த்துக்கொள்கிறது. அப்பால் கண்ணிற் பட்டால் துன்பம். இலையைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே குறிப்பேட்டை எடுங்கள்.