க்யூஆர் குறியீட்டைப் படிக்கக் கற்போம்

பெங்களூரு அவென்யூ சாலையின் புத்தகக் கடைகளிலும் கே.ஆர். சந்தையின் பூக்கடைகளிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அட்டையொன்று இன்று கல்லாப் பெட்டிக்கு அருகே இடம்பிடித்துள்ளது. நாம் அதைப் படமாகவே காண்கிறோம். உண்மையில் அது ஒற்றை வரி எழுத்து. இணைய முகவரியைப் போல அமைந்த ஓர் இணைப்பு. அந்த வரியின் அமைப்பை அறிந்தால் வணிகருக்குக் கணக்கு எளிதாகும். பணம் செலுத்துவோருக்குப் பாதுகாப்புக் கூடும்.

இணைய முகவரியொன்றில் கேள்விக்குறி வந்தால், அதற்கு முன் உள்ளது செல்ல வேண்டிய இடத்தைக் குறிக்கும். பின் உள்ளது உடன் எடுத்துச் செல்ல வேண்டிய தகவலைக் குறிக்கும். ஒவ்வொரு தகவலும் ஒரு பெயர், ‘=’ குறி, ஒரு மதிப்பு என அமையும். அடுத்தடுத்த தகவல்களை ‘&’ குறி இணைக்கும். தொழில்நுட்பத் துறையினர் இவற்றைப் பாராமீட்டர் என்பர். நாம் ‘கூறு’ என்போம். உதவி மையத்தின் இணைப்பைத் தொட்டதும் புகார் எண் தானே நிரம்பி வருவது பெரும்பாலும் இம்முறையால்தான்.

இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய யுபிஐயும் இதே வழியைப் பின்பற்றுகிறது. பெங்களூரைச் சேர்ந்த நந்தன் நிலேகணி அக்கழகத்தின் ஆலோசகராக இம்முயற்சிக்குத் துணைநின்றார்.

யுபிஐ இணைப்பில் கூறுகளின் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அமையும். ‘பிஏ’ என்பது பணம் பெறுவோரின் யுபிஐ முகவரி, ‘பிஎன்’ அவரது பெயர், ‘ஏஎம்’ தொகை, ‘சியு’ நாணயம், ‘டிஎன்’ குறிப்பு. கடையில் ஒட்டப்படும் பொது அட்டையில் தொகை இராது. செலுத்துவோரே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு புத்தக வணிகர் 118ஆம் எண் பட்டியலுக்கு 650 ரூபாய் பெற வேண்டும் எனக் கொள்வோம். ‘ஏஎம்’ கூறில் 650.00 என்றும், ‘டிஎன்’ கூறில் பட்டியல் எண்ணையும் இட்டுத் தனிக் குறியீடு அமைத்தால், வாடிக்கையாளர் திரையில் தொகை நிரம்பியே வரும். எந்தப் பட்டியலுக்கு எந்தப் பணம் என்ற குழப்பமும் நீங்கும்.

இங்கே சிறு பிழையும் இணைப்பைக் கெடுக்கும். தொகையில் காற்புள்ளி கூடாது. பெயரில் இடைவெளி வந்தால் அதற்குப் பதிலாக ‘%20’ என எழுத வேண்டும். கடையின் பெயரிலேயே ‘&’ இருந்தால் ‘%26’ என எழுத வேண்டும்; இல்லையேல் பெயர் அவ்விடத்திலேயே முடிந்துவிட்டதாகச் செயலி கருதும். புதிய இணைப்பைப் பிறருக்கு அனுப்புமுன் ஒரு ரூபாய்க்கு அமைத்துச் சோதிப்பது நன்று.

இனி, பணம் செலுத்துவோர் கவனிக்க வேண்டியதைப் பார்ப்போம். கூறுகள் தகவலை நிரப்புமே தவிர, எதையும் மெய்ப்பிப்பதில்லை. ‘பிஎன்’ கூறில் இணைப்பை உருவாக்கியவர் விரும்பிய பெயரை எழுதிவிட இயலும். கடை அட்டையின் மேல் வேறொரு குறியீட்டை ஒட்டும் மோசடிக்கும் இது இடமளித்தது. ஆகவே, குறியீட்டில் எழுதிய பெயரைக் காட்டாமல், வங்கிப் பதிவில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் எனக் கொடுப்பனவுக் கழகம் 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அதற்கு அவ்வாண்டு ஜூன் 30 வரை காலம் அளித்தது. கடைப் பலகையில் ஒரு பெயரும் வங்கிப் பதிவில் உரிமையாளர் பெயரும் இருப்பது இயல்பே. எனினும், திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லி உறுதிசெய்த பின்னரே இரகசிய எண்ணை இடுதல் வேண்டும்.

பணம் பெறுவதற்கு எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை; இரகசிய எண்ணையும் இட வேண்டியதில்லை. அவ்வாறு கேட்கும் இணைப்பு எதுவாயினும், அதில் உள்ள தொகை உங்கள் கணக்கிலிருந்து வெளியேறவே வழிசெய்யும். தவறிப் பணம் போய்விட்டால், பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். தாமதமின்றித் தெரிவித்தால் பணம் மேலும் கைமாறுமுன் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.