ஸ்ட்ரெச்சர் செலவு யார் தலையில்?

கேள்வி: என் கணவர் பனாமா கொடி போட்ட சரக்குக் கப்பலில் ஆயிலர். பக்கவாதம் வந்து இருபது நாளாக டர்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஸ்ட்ரெச்சரில்தான் கூட்டி வர முடியுமாம். “அவருக்கு முன்பே பிரஷர் இருந்திருக்கிறது, மறைத்துவிட்டார், விமானச் செலவு உங்களுடையது” என்கிறார் மும்பை ஏஜென்ட். நகையை அடகு வைக்கட்டுமா?
— வாசகி, திரேஸ்புரம்

பதில்: வைக்காதீர்கள்.

கப்பல் ஏறும் முன் எடுத்த மெடிக்கல் சான்றிதழ் பீரோவில் இருக்கிறதா பாருங்கள். அதில் ரத்த அழுத்தம் பதிவாகியிருந்தால், தெரிந்துதான் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அவருக்கே தெரியாத நோயும் மறைத்ததாகாது. வேண்டுமென்றே மறைத்திருந்தால்கூட வைத்தியச் செலவிலும் சம்பளத்திலும்தான் இடிக்கும். ஊருக்கு அனுப்பும் கடமை தனி என்றுதான் நான் வாதாடுவேன்.

அந்தக் கடமை 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது. பனாமா, தென்னாப்பிரிக்கா இரண்டும் ஏற்றவை. இந்தியா 2015-இல் ஏற்றது. ஊர் திரும்பும் வரை முழுச் சம்பளமும் ஓட வேண்டும். 30 கிலோ லக்கேஜ் வரை அதன் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது.

ஸ்ட்ரெச்சர் என்றால் ஒரு டிக்கெட் அல்ல. பல சீட்டுகளை மடக்கி, மேலே படுக்கையைப் பூட்டுவார்கள். அத்தனை சீட்டுக்கும் காசு. கூடவே நர்ஸோ டாக்டரோ வரவேண்டும். ஆக்ஸிஜன் தேவையா என்பது உட்பட டர்பன் டாக்டர் எழுதித் தரும் படிவத்தை விமான நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் ஏற்றுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் ஏஜென்ட் உங்கள் கழுத்தைப் பார்க்கிறார். சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இறக்கிவிட்டுக் கைகழுவ விடாதீர்கள். வீடு வரை ஆம்புலன்ஸ் என்று எழுதி வாங்குங்கள்.

கப்பலில் ஒட்டியிருக்கும் இன்சூரன்ஸ் சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி அவருடன் வேலை பார்த்தவரிடம் கேளுங்கள். அனுப்பும் செலவைத் தர மறுக்கும் கப்பல் முதலாளி, சட்டத்தின் கணக்கில் மாலுமியைக் கைவிட்டவர். அப்போது சான்றிதழில் உள்ள இன்சூரன்ஸ்காரரிடம் நேரடியாகவே கேட்கலாம். ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு மும்பை கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு இன்றே புகார் அனுப்புங்கள். நகல் டர்பன் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு.

உங்கள் கணவர் உங்கள் ஊர்ப் பழைய துறைமுகத்திலிருந்து மாலேக்குப் போகும் தோணியில் இருந்திருந்தால் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன். பாரம்பரிய முறையில் கட்டிய கலங்களும் மீன்பிடிப் படகுகளும் இந்த உடன்படிக்கைக்கு வெளியே. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதியைத்தான் நாட வேண்டும்.

இன்னொன்று: கை விளங்காதவரிடம் ‘கணக்குத் தீர்ந்தது’ என்று கட்டைவிரல் ரேகை வாங்கப் பார்ப்பார்கள். எந்தத் தாளிலும் ரேகை வைக்க வேண்டாம் என்று இன்றிரவே அவருக்குப் போனில் சொல்லிவிடுங்கள்.