பின்தங்கியவர் எந்தக் காயை அடிக்க வேண்டும்?

ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ, பேரணாம்பட்டிலோ காலணிக்குத் தோல் வெட்டுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? வெட்டுவதற்கு முன் அவர் தோலை விரித்துப் பார்ப்பார். எங்கே கீறல், எங்கே தழும்பு, மீதியில் எத்தனை துண்டு தேறும் என்று மனக்கணக்குப் போடுவார். வெட்டிய பிறகு எண்ணிப் பயனில்லை. மாலையில் கேரம் பலகை முன் உட்காரும் உங்களுக்கும் இதே பாடம்தான். பின்தங்கியிருக்கும்போது இது இன்னும் அவசியம்.

முதலில் விதிகள்

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என மொத்தம் 19 காய்கள். தம் காய்களை முதலில் முடித்தவர் அந்தப் போர்டை வெல்கிறார். எதிராளியின் மீதிக் காய் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 1 புள்ளி. சிவப்பையும் அவரே போட்டு, அடுத்த அடியிலேயே தம் காய் ஒன்றை ‘ஃபாலோ’வாகப் போட்டிருந்தால் மேலும் 3 புள்ளி. (22 புள்ளியை எட்டியவருக்கு இந்த 3 கிடையாது.) 25 புள்ளியை முதலில் எட்டுபவருக்கு ஆட்டம், யாரும் எட்டாவிட்டால் 8 போர்டு முடிவில் முன்னிலையில் இருப்பவருக்கு ஆட்டம். ஆகவே ஒரு போர்டில் கிடைக்கக்கூடிய உச்சப் புள்ளி 9+3=12.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்றதும் இந்த 19 காய்களைக் கொண்டுதான்.

எண்ணிப் பார்ப்போம்

எட்டாவது போர்டு. எதிராளி 15, நீங்கள் 9. பலகையில் அவருக்கு 5 காய்கள், உங்களுக்கு 3. சிவப்பு இன்னும் விழவில்லை. இப்போது அடி உங்களுடையது.

சிவப்பு இல்லாமல் முடித்தால் 9+5=14. போர்டை வென்றும் ஆட்டத்தைத் தோற்பீர்கள்! சிவப்போடு முடித்தால் 9+5+3=17. இடையில் அவர் ஒரு காய் போட்டாலும் 16. அப்போதும் வெற்றி உங்களுக்கே. அவர் சிவப்பை ஃபாலோவுடன் போட்டுவிட்டாலோ, உங்கள் வழி அடைந்துவிடும். எனவே சிவப்பு வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. எப்போது, எப்படி என்பதே கேள்வி.

தூரமும் பிழையும்

காய் செல்லும் திசையில் 1 பாகை பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? குழி 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் காய் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் விலகும், விழுந்துவிடக்கூடும். 60 செ.மீ. தூரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விலகும். சட்டத்தில் மோதித் திரும்பக்கூடும். கைப்பிழை ஒன்றுதான், தூரம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது.

செய்து பாருங்கள்: ஒரே இடத்தில் காயை வைத்து 20 முறை அடியுங்கள். எத்தனை விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுவே அந்த அடியில் உங்கள் நிகழ்தகவு.

வரிசையில் இருக்கிறது சூட்சுமம்

உங்கள் குறிப்பேடு இப்படிச் சொல்வதாகக் கொள்வோம்: குழி வாயில் நிற்கும் உங்கள் காய் 20-க்கு 18, சிவப்பு 20-க்கு 10, தொலைவில் நிற்கும் மற்ற இரு காய்கள் தலா 20-க்கு 6.

பலர் முதலில் எளிய காயைப் போடுவார்கள். பிறகு சிவப்பு. அதன்பின் ஃபாலோவுக்கு மிஞ்சுவது தொலைவுக் காய். நிகழ்தகவுகளைப் பெருக்குங்கள்: 0.9 × 0.5 × 0.3 = 0.135. நூற்றுக்குப் பதினான்குகூட இல்லை.

இப்போது வரிசையை மாற்றுங்கள். எளிய காயைத் தொடாமல் முதலில் சிவப்பு. பிறகு அந்த எளிய காயே ஃபாலோ: 0.5 × 0.9 = 0.45. நூற்றுக்கு நாற்பத்தைந்து! கையும் பலகையும் அவையே. வாய்ப்பு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சிவப்பு தவறினாலும் எளிய காய் உங்களுக்காகக் காத்திருக்கும். எதிராளி அதைத் தட்டிவிடாத வரையில்!

இன்னும் இரண்டு காய்கள் மீதி இருப்பதால் வெற்றி உறுதியாகிவிடவில்லை. ஆனால் அதற்கு வழி திறந்திருக்கிறது.

15 புள்ளியில் இருப்பவர் நீங்களே என்றால்? எளிய காயை உடனே போடுவதில் தவறில்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு காயும் எதிராளி பெறக்கூடிய புள்ளியில் ஒன்றைக் குறைக்கும். ஆக, நல்ல அடி எது என்பதைக் காய் நிற்கும் இடம் மட்டும் சொல்வதில்லை. புள்ளிப் பட்டியலும் சேர்ந்தே சொல்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு

எட்டாவது போர்டில் எதிராளி 20, நீங்கள் 12. அவருக்கு மீதி 7 காய்கள். சிவப்பு இல்லாமல் நீங்கள் வெல்ல முடியுமா? சிவப்போடு வெல்வதானால், அவர் இன்னும் எத்தனை காய் போடும் வரை உங்களுக்கு இடமுண்டு?

விடை: முடியாது; 12+7=19. சிவப்போடு 22 வரும். அவர் ஒரு காய் போட்டால் 21, வெற்றி. இரண்டு போட்டால் 20, சமநிலைதான்.