நம்ம ஊர் நடை வரைபடம்



போன மாதம் செந்துறை பக்கம் ஒரு கிராமத்துக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு, "நேற்று விடிஞ்சதிலிருந்து எங்கெங்கே போய் வந்தீங்க?" என்று கேட்டோம். "நாங்க எங்கே போறோம், வீட்டிலேதான் கிடக்கிறோம்" என்று சிரித்தார்கள். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. பால் சொசைட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, காட்டு வேலை, மாட்டுக்குப் புல், பேங்க். பஸ் ஏற மெயின் ரோடு வரை 3 கிலோமீட்டர். நடந்தால் ஒரு வழிக்கே முக்கால் மணி நேரம்.

ஒரு அக்கா மட்டும் பேசாமல் இருந்தார். கடைசியில் சொன்னார்: "எம் பொண்ணைப் பத்தாவதோட நிறுத்திட்டோம். மார்க்கெல்லாம் நல்ல மார்க்குதான். அந்த லாரி ரோட்டுல அனுப்ப மனசு வரல." பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவே இல்லை. அதற்கு முன்பே படிப்பு நின்றுவிட்டது.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடாத ரோடு குறைவு. பெரம்பலூர் பக்கம் திருச்சி–சென்னை நாற்கர சாலை. சிறுவாச்சூர், பாடாலூர் வழியாகப் போகிறவர்களுக்கு அதைக் குறுக்கே கடப்பது எப்படி என்று தெரியும். ரோடு நல்லா போட்டால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் தார் அகலமானால் வண்டி வேகமும் கூடும். ஓரத்தில் நடக்க இடம் விடாவிட்டால், நடக்கிறவங்க பாடு முன்னைவிட மோசம்தான்.

திருச்சிக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டை. அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்துப் படிப்போடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். கேலி பேசினவர்கள் நிறைய. இருந்தும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள்கூட ஓட்டினார்கள். பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே கேட்டு வாங்கினார்களாம். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாகி, காய்கறி, பூ விற்கப் போய்வரும் பெண்களுக்கு வியாபாரமும் நடந்தது.

பஸ் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 மே மாதம் தொடங்கிய பெண்கள் கட்டணமில்லாப் பயணம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். புறநகர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்கணும். மினி பஸ் தனியார் வண்டி, அதற்கும் டிக்கெட் உண்டு. அதனால் "பஸ் விடுங்க" என்று மட்டும் மனு எழுதினால் போதாது. எந்த வகை பஸ், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை எட்டு மணி பஸ் சரி. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி போய், பிள்ளை பள்ளி விடுவதற்குள் திரும்ப வேண்டிய நமக்கு எது சரி?

அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். தரையில் கோலமாவால் ஊரை வரையுங்கள். தெரு, குளம், பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் வரட்டும். தினமும் நடக்கும் பாதைக்குப் புளியங்கொட்டை, வாரம் ஒருமுறை போகும் பாதைக்குச் சின்னக் கல். விளக்கில்லாத இடம், மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடம், லாரி உரசிக்கொண்டு போகும் வளைவு, இங்கெல்லாம் காய்ந்த மிளகாய் வையுங்கள். வயசானவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கட்டாயம் கூப்பிடுங்கள். குறுக்குப் பாதை அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்ததும் பெரிய தாளில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள்.

மனு கொடுக்கும் முன், அந்த ரோடு யாருடையது என்று விசாரியுங்கள். ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? நாங்களே ஒருமுறை இது தெரியாமல் வேறு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, நாலு மாதம் அலைந்தோம். ஊருக்குள் இருக்கும் பாதையும் தெருவிளக்கும் ஊராட்சி வேலை, கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். அரசு பஸ் நேரத்துக்குப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் பாருங்கள். மினி பஸ் வழித்தடத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலர். பள்ளி நேரத்தில் லாரியை நிறுத்தச் சொல்வது என்றால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடமே கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

செந்துறை பக்கத்து அந்தக் குழு வரைந்த தாளில் மொத்தம் பதினொரு மிளகாய். அதில் நாலு, பள்ளிக்கூடம் போகும் வழியில். முதல் மனு அந்த நாலுக்குத்தான் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பேசாமல் இருந்த அக்காதான் மனுவை எடுத்துக்கொண்டு போகிறார்.