வட்டி இல்லாத கடனா? தள்ளுபடியைக் கேட்டுப் பாருங்கள்!



சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் நம் உறுப்பினர் ஒருவர் ஸ்கூட்டர் வாங்க ஷோரூமுக்குப் போனார். "முப்பதாயிரம் கட்டுங்க, மீதி பன்னிரண்டு தவணை. வட்டியே கிடையாதுக்கா" என்றார் அங்கிருந்த தம்பி. கையெழுத்துப் போடும் நேரத்தில், கூடப் போன ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார்: "முழுப் பணத்தையும் இப்பவே கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" "நாலாயிரம் குறைப்போம்" என்று பதில் வந்தது. "அப்படின்னா இருங்க தம்பி, கூட்டத்தில கணக்குப் பாத்துட்டு வர்றோம்" என்று இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். வண்டி விலை ரூ.90,000. உறுப்பினர் கையில் இருப்பது ரூ.32,000.

ஷோரூம் கடனில் வாங்கினால்:
முன்பணம் ரூ.30,000
கடனுக்கான கட்டணம் ரூ.2,000
தவணை 12 x 5,000 = ரூ.60,000
மொத்தம் ரூ.92,000

குழுக் கடன் வாங்கி ரொக்கமாகக் கட்டினால்:
தள்ளுபடி போக விலை ரூ.86,000
கைப்பணம் ரூ.32,000
குழுக் கடன் ரூ.54,000
மாதம் 4,500 அசல் கட்டி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 12 மாத வட்டி ரூ.3,510
மொத்தம் ரூ.89,510

மிச்சம் ரூ.2,490! அதோடு, கட்டிய வட்டியும் வெளியே போகவில்லை. நம் குழுவின் நிதியில்தான் சேருகிறது.

"வட்டியே இல்லைன்னாங்களே, அப்புறம் எப்படி?" என்று கேட்பீர்கள். கைவிட்ட தள்ளுபடி 4,000, கட்டணம் 2,000, ஆக 6,000 ரூபாய். இதுதான் அந்தக் கடனின் வட்டி. பெயர்தான் வேறு. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய்க்கும் மேலே வருகிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. பொருளுக்குத் தள்ளுபடி இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் கடன் தர வேண்டும் என்றும் சொன்னது.

ஆனால் எப்போதும் ரொக்கமே லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். குழுவில் இரண்டு ரூபாய் வட்டி என்றால், இதே கடனுக்கு வட்டி ரூ.7,020. மொத்தம் ரூ.93,020 ஆகிவிடும். அப்போது ஷோரூம் கடனே 1,020 ரூபாய் குறைவு. தள்ளுபடியும் கிடையாது, கட்டணமும் கிடையாது என்றால் வட்டியில்லாத் தவணையை எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "பத்து சதவீத ஃபிளாட் வட்டி" என்றால் குறைவு போலத் தெரியும். 60,000 ரூபாய்க்கு இரண்டு வருட வட்டி 12,000. தவணை 24 x 3,000. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே போடப்படுகிறது. நம் குழுக் கணக்குப்படி பார்த்தால் இது வருடத்துக்குச் சுமார் 18 சதவீதம்!

கையெழுத்துப் போடும் முன் நாம் கேட்க வேண்டியவை:

1. ரொக்கம் கட்டினால் கடைசி விலை என்ன?
2. கடனுக்கு என்னென்ன கட்டணம்?
3. முன்பணம், தவணை, கட்டணம் எல்லாம் கூட்டினால் மொத்தம் எவ்வளவு?
4. வட்டி முழுத்தொகைக்கா, மீதி அசலுக்கா?

பதில்களை எழுதித் தரச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு, கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டியைக் காட்டும் விவரத்தாள் தர வேண்டும். அது நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குவது நம் உரிமை.

கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் குழுவில் கடைசியாகத் தவணையில் வாங்கிய பொருள் எது? அன்றைக்கு அதன் ரொக்க விலை எவ்வளவு? இரண்டையும் பலகையில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.