படம் தடைப்படுவது எங்கே?

கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூண்டியில், மலைப்பூண்டின் நோய் பற்றிய காணொளி நடுவில் நின்று நின்று ஓடினால், மருந்தின் அளவே நம் காதில் விழாது போகலாம். அதற்காக உடனே புதிய கருவி வாங்குதல் வேண்டா. கடைமடையில் நீர் குறைந்தால் முதலில் தலைமடையையன்றோ பார்க்கிறோம்? அவ்வாறே, வீட்டின் முதன்மைக் கருவியருகே நின்று காணொளியை ஓட்டிப் பார்ப்போம். அங்கும் தடைப்பட்டால், குறை பெரும்பாலும் வெளி இணைப்பிலேயே, இணைப்பளிப்போரிடம் முறையிடுவோம். அங்கு சீராக ஓடினால், குறை வீட்டினுள்ளே உள்ளது.

மெஷ் துணைக்கருவி, பெற்ற அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கருங்கற்சுவரும் தகரமும் அலையை மேலும் நலியச் செய்யும். ஆகவே துணைக்கருவியை, படம் தடைப்படும் அறையில் வையாது, அலை வலுவாயுள்ள இடைவழியில் வைப்போம். இயலுமாயின் இரண்டையும் கம்பியால் இணைப்போம். 100 மீட்டர் வரை வேகம் குன்றாது. பஞ்சாயத்து அலுவலகத்திற்கும் இம்முறை பொருந்தும்.