சூடு பட்டால் வடிவம் திரும்பும்: மென் ரோபோத் துறைக்குள் நுழைய ஒரு வழி

எலக்ட்ரீஷியன் கம்பி இணைப்பின் மேல் ஒரு சிறு குழாயைச் செருகிச் சூடு காட்டுவார். அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு வடிவ நினைவுப் பாலிமர். உள்ளே பிணைந்திருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் பழைய அளவை மறப்பதில்லை. சூடாக்கி விரித்துக் குளிரவைத்தால் விரிந்தபடி நிற்கும். மறுபடி சூடு பட்டதும் பழைய அளவுக்கு வந்துவிடும். மோட்டாரும் பல்சக்கரமும் இல்லாத மென் ரோபோக் கைகளை இந்தக் குணத்தைக் கொண்டே செய்கிறார்கள். பொறியியல் மாணவர்கள் இத்துறைக்கு வர நினைத்தால், இப்படித் தொடங்கலாம்.

1. இரண்டு பொருள்களைப் பிரித்தறியுங்கள்

இதே குணம் கொண்ட, நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி, வேலையில் சுமார் 4 சதவீதமே சுருங்கும்; ஆனால் இழுவிசை அதிகம். பாலிமர் வெகுதூரம் நீண்டு திரும்பும், விசை குறைவு. மண்புழுபோல் ஊரும் 'மெஷ்வோர்ம்' ரோபோவை 2012-இல் எம்.ஐ.டி. உள்ளிட்ட ஆய்வுக்குழு அறிமுகப்படுத்தியது. அதன் தசை நிட்டினால். சுத்தியலால் அடித்த பிறகும் அது ஊர்ந்தது. எந்த வேலைக்கு எந்தப் பொருள், ஏன் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தால் நேர்காணலில் பாதி தாண்டிவிட்டீர்கள்.

2. கையால் ஒன்று செய்யுங்கள்

முப்பரிமாண அச்சுப்பொறியில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அச்சிட்டு எடுங்கள். சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது இளகும். இடுக்கியால் பிடித்து, 70 டிகிரி நீரில் முக்கி வளைத்து, வளைத்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். மீண்டும் வெந்நீரில் போட்டால் பட்டை நிமிரும். எத்தனை பாகை நிமிர்ந்தது என்று கோணமானியால் அளந்து, பத்து முறை திரும்பச் செய்து குறித்துவையுங்கள்.

3. குளிர்வதைப் பற்றி யோசியுங்கள்

நிட்டினால் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் நொடியில் சூடாகும். ஆறுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். இத்துறையின் பெரிய முடிச்சு இதுதான். மெல்லிய கம்பி சீக்கிரம் ஆறும், ஆனால் குறைவாகவே இழுக்கும். உங்கள் திட்ட அறிக்கையில் குளிர்விக்கும் வழிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

4. எங்கே படிப்பது, எங்கே வேலை

பாலிமர் படிப்புக்குச் சென்னை கிண்டியில் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது. மேற்படிப்புக்கு, கேட் (GATE) தேர்வின் எக்ஸ்.இ. தாளில் பாலிமர் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். மென் ரோபோ வேலைகள் இன்று பெரும்பாலும் ஆய்வகங்களில்தான். ஆனால் இதே அறிவு மருத்துவக் கருவித் துறையிலும் உதவும். ரத்தக்குழாய் ஸ்டென்டுகளிலும் பல் சீரமைப்புக் கம்பிகளிலும் நிட்டினால் ஏற்கெனவே பயன்படுகிறது.

பொருள் அறிவியலும் மின்னணுவியலும் சந்திக்கும் இடம் இது. ஒன்றை மட்டும் படித்தவர் பாதி வழியில் நின்றுவிடுவார். பொருள் தெரிந்தவர் என்றால் ஒரு சர்க்யூட் போடப் பழகுங்கள். சர்க்யூட் தெரிந்தவர் என்றால் ஒரு பட்டையைச் சூடாக்கி அளந்து பாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது, நீங்களே அளந்த அந்தப் பத்து எண்களையும் கையோடு கொண்டு போங்கள்.